கோட்டின் மேல் எழுதிய வரி

எல் சௌசல்,
3 மார்ச் 1997

அன்புள்ள கொம்பாத்ரே அன்செல்மோவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் உங்கள் மனைவி கிறிசெல்தாவின் நலமும் அறிய ஆவல். என் மகள் யானெத்தை ஞானத்தந்தையாக ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய கை உங்களுடையது என்பதால் பொறுமையாக எழுதுகிறேன். உங்கள் காப்பித் தோட்டத்தில் வைத்த என் பதினெட்டுத் தேன்பெட்டிகளிலும் ஒரு தேனீகூட உயிரோடில்லை. குவியலாகச் செத்து நாறுகின்றன. அள்ளும்போது வாந்தியே வந்துவிட்டது. பூக்கும் காலத்தில் மருந்து அடிப்பதில்லை என்பதுதானே ஒப்பந்தம்?

உங்கள் கொமாத்ரே,
எர்மிந்தா

9 மார்ச்

அருமைக் கொமாத்ரேவுக்கு,

கடிதம் கண்டு மனம் வாடினேன். கிறிசெல்தா கொஞ்சம் வெல்லம் அனுப்பியிருக்கிறாள். மருந்து அடித்தது உண்மை. ஆனால் காய்த்துளைப்பான் பூச்சி வந்தால் அடிக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே. படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களோ? நமக்குள் இரண்டு பிரதி எதற்கென்று தாளை என்னிடமே விட்டுப் போனவர் நீங்கள். நீதிமன்றத்திலும் காட்டத் தயார்.

என்றும் அன்புடன்,
அன்செல்மோ

24 ஏப்ரல்

கொம்பாத்ரே,

காட்டினீர்கள், பார்த்தேன். ஒப்பந்தத்தை அடித்துக் கொடுத்த குமாஸ்தா, பின்னால் யாரும் எதையும் சேர்க்காதபடி, வழக்கம்போல மிச்ச இடத்தையெல்லாம் தட்டச்சில் கோடு போட்டு அடைத்திருக்கிறார். பேனாவால் எழுதிய உங்கள் வரி அந்தக் கோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நீதிபதியம்மா, "வரி சேர்த்தா பக்கத்துல ரெண்டு பேரும் சின்னக் கையெழுத்து போடணும்ல? ஒண்ணையும் காணோமே" என்றார். "குமாஸ்தா மறந்துட்டாருங்க" என்றீர்கள். போன வருடம் செத்துப்போன மனிதர் தலையில் பழி போட உங்களுக்குக் கூசவில்லை.

"ஒருத்தரா சேர்த்த வரி செல்லாது, பழைய ஒப்பந்தந்தான் நிக்கும். பின்னால எழுதினதுன்னு தெரிஞ்சா ஜெயிலு" என்று அவர் சொன்னபோது நீங்கள் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வெல்லத்தைப் பன்றிக்குப் போட்டுவிட்டேன்.

எர்மிந்தா

2 மே

கொமாத்ரே,

நமக்குள் மறைப்பானேன்? ஜனவரியில் பூச்சியைக் கண்டு பயந்து, பேனாவை எடுத்து அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். உங்களைக் கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்றுதான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றே அந்த வரி இருந்தது என்று இருபதாம் தேதி விசாரணையில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஜெயிலுக்குப் போகாமல் தப்பிப்பேன். கிறிசெல்தா அழுதுகொண்டே இருக்கிறாள். யானெத்தை நினைத்தாவது இரங்குங்கள்.

அன்செல்மோ

8 மே

திரு. அன்செல்மோ அவர்களுக்கு,

கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றுதான் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பூச்சிக்குப் பயந்து எழுதியதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தீர்கள். ஒரு வாரம் நம்பவும் செய்தேன். பெட்டிகளைக் கழுவியபோதுகூட இப்படிக் குமட்டவில்லை.

உங்கள் கடிதத்தை யானெத்துக்குப் படித்துக் காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"அவரு கைப்பட எழுதினதுதானேம்மா?" என்றாள். "நீதிபதிகிட்டயே குடுத்துரு."

இன்று காலை கொடுத்துவிட்டோம்.

எர்மிந்தா குயேயார்