நிக்கல் தூள் செய்யும் வேலை

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். சளி விட்டதா? அப்பாவுக்கு இதய ஆபரேஷன் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர், பயமே இல்லை என்கிறார் அப்பா, நான் இரண்டையும் பாதிதான் நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஃபாக்டரியில் ஒரு கூத்து. எண்ணெயைக் கெட்டியாக்கும் கலனில் இரண்டு மணி நேர வேலை ஐந்து மணி நேரமாகியும் முடியவில்லை. லேபில் மாதிரியை ஆறவைத்துப் பார்க்கிறேன், வெளுத்து உறைய வேண்டியது தெளிவாக என்னையே பார்க்கிறது. அப்பாவிடம் வேலை கற்ற ஆபரேட்டர், "சார் மாதிரியே முறுக்கிக்கிட்டு நிக்குது மேடம்" என்றார். எண்ணெயில் கந்தகம். பழைய சப்ளையர்தானே என்று சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். எண்ணெய் கெட்டியாக ஹைட்ரஜன் வாயு அதோடு சேர வேண்டும், ஆனால் தனியாக விட்டால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அதற்குத்தான் வினையூக்கியாக நிக்கல் தூள் போடுகிறோம், இரண்டும் அதன் முகத்தில் வந்து உட்காரும், சேரும், சேர்ந்ததும் இடத்தைக் காலி செய்யும். தூள் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. கந்தகம் உட்கார்ந்தால் மட்டும் எழுந்திருக்காது, அப்புறம் யாருக்கும் அங்கே இடமில்லை. கிண்ணத்து எண்ணெயில் ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது, தண்ணீருக்கடியில் இருப்பது போல நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நம் வீடு நினைவுக்கு வந்தது.

நீ அப்பாவிடம் சொல்லாமல் விமானம் ஏறி நான்கு வருஷம், உன் பேச்சை அவரிடமும் அவர் பேச்சை உன்னிடமும் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருந்தேன். கொண்டுபோகவில்லை, வைத்துக்கொண்டேன். போன மாதம் அப்பா உன் போட்டோ கேட்டதாக எழுதினேனே, கேட்கவில்லை. "அவன் பேச்ச எடுக்காத" என்றார். "அவரே முதல்ல பேசட்டும்" என்று நீ சொன்னதை, "உடம்பப் பாத்துக்கச் சொன்னான்" என்று அவரிடம் மாற்றிச் சொன்னேன். நீங்கள் சண்டை போடவும் இடமில்லை, சேரவும் இடமில்லை, நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொள், நியாயம்தான். ஆனால் நேற்று டாக்டர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அப்பா, "ஒரே பையன். தூரத்துல இருக்கான். பாவம், லீவு கிடைக்கல" என்றார். இதில் என் கைவரிசை எதுவும் இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழு, அதுதான் என் ஆசீர்வாதம். ஆபரேஷனுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, எங்கள் நேரம் காலை ஏழுக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. போன் அப்பா பக்கத்தில் இருக்கும். நான் தெருவில் நடந்துவிட்டு வருவேன். என்ன பேசினீர்கள் என்று இரண்டு பேரையும் கேட்கமாட்டேன்.

உன் அம்மா