ஞானப்பல் கடித்த சீட்டு

அன்புள்ள கடிகாரத்துக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அந்தப் பயிற்சி விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு, புது மெஷினில் செயற்கைப் பல் செதுக்கக் கற்றுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சரி, விடு என்று சொல்லிவிடுவேன். கல்லூரியில் ஒரே அறையில் தங்கிய காலத்திலிருந்து இதுதான் நடக்கிறது. காகிதத்தில் உன் அழுகை எனக்குக் கேட்காது. அதனால்தான்.

முதலில் உன் கினிப்பன்றிகள். நீ கூண்டை வைத்துவிட்டுப் போனதும் என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை சுற்றி வந்தார். இதில் பன்றி எங்கே இருக்கிறது, வால் அறுந்த எலிதானே என்றார். பெரியதன் பெயர் ஞானப்பல், சின்னது பால்பல் என்று சொன்னேன். பகல் முழுக்கப் பல் கட்டிவிட்டு வீட்டிலும் பல்லா, நல்லவேளை, நம் பெண்ணுக்குப் பெயர் வைக்கும்போது உன் சிநேகிதி பக்கத்தில் இல்லை என்றார். இப்போது சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூண்டு முன்னால் உட்கார்ந்து, என்னம்மா ஞானம், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கிறார். என்னை அப்படி விசாரித்து எத்தனையோ வருடம் ஆகிறது.

நாய் பூனைகூட வளர்த்தறியாதவள் நான். முதல் நாள் ஃபிரிட்ஜைத் திறந்ததும் இரண்டும் சேர்ந்து விசில் அடித்தன பார், கையிலிருந்த மோர்ப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஞானப்பல் தன் புழுக்கையைத் தானே தின்றதைப் பார்த்துப் பதறி உனக்குப் போன் செய்தேன். அதற்கு அது சத்துதான், நீ ஒன்றும் தின்று பார்க்க வேண்டாம் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீ எழுதிக் கொடுத்த நாலு பக்கக் குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றுகிறேன். காலை 7:10 புல். 7:25 தண்ணீர்க் குப்பி. மாலை 6:15 சிவப்புக் குடைமிளகாய், கால் துண்டு. எதை எழுதினாலும் நேரம் போட்டே எழுதுவாய். குளிக்கப் போனால்கூடக் கதவில் நேரம் எழுதி ஒட்டிவிட்டுப் போவாய் என்றுதானே உனக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்தோம்? குறிப்பின் கடைசி வரி இது: கூண்டின் அடியில் போட ஆபீஸின் பழைய ஆர்டர் சீட்டுக் கட்டுகள் பையில் இருக்கின்றன, தினம் எட்டுத் தாள், காலை 7:40.

ஒன்பதாம் நாள் காலை 7:40க்குத் தாள் மாற்றினேன். ஞானப்பல் ஒரு சீட்டின் ஓரத்தை இழுத்து மென்றுகொண்டிருந்தது. அதில் உன் கையெழுத்து. சும்மா படித்தேன். அப்புறம் அதன் வாயிலிருந்து பிடுங்கினேன். பாவம், பயந்துபோய்ப் பெட்டிக்குள் ஓடிவிட்டது.

மேல் முன்பற்கள் ஆறு. நிறம் ஏ-3. அதன் கீழே பச்சை மையில்: டாக்டர் போன் செய்தார், ஏ-3 இல்லை, ஏ-1. மாலை 5:40.

உனக்கு இது மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு எழுத வேண்டும்போல் இருக்கிறது. அன்று நான் ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பற்களை மஞ்சளோடிய ஏ-3 நிறத்தில் சுட்டு, டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். மறுநாள் நான் வருவதற்குள் டெலிவரிக்காரர் எடுத்துப் போய்விட்டார். பல் கட்ட வந்த பெண், டாக்டரின் கண்ணாடியில் பார்த்தாளாம். கீழே முத்து மாதிரி அவள் பல், மேலே டீக்கறை மாதிரி நம் பல். அழுதுகொண்டே எழுந்து போனாளாம். டாக்டர் நம்மோடு உறவை முறித்துக்கொண்டார். சீட்டைத் தேடினோம், கிடைக்கவில்லை. நீயும் என்னோடு குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எழுந்து நின்று, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, நான் இவளிடம் வாய்விட்டுச் சொன்னேனே சார், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நம் முதலாளிப் பெரியவரிடம் சொன்னாய்.

மறுவாரமே என்னைப் பல் சுடும் பீங்கான் அறையிலிருந்து எடுத்து, பல் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றும் அறையில் போட்டார்கள். மூன்று வருடமாகத் தலைமுடியில் மாவு. மாவு மில் வருகிறது, வழி விடுங்கள் என்று முதலில் சொன்னவளும் நீதான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

பீங்கான் வேலை போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் நீ சொன்னதை நான் நம்பினேன். நிஜமாகவே சொல்லியிருப்பாயோ, என் காதில்தான் விழவில்லையோ என்று மூன்று வருடம் என்னையே சந்தேகப்பட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். என் பெண் ஒன்று சொன்னால், இன்னொரு முறை சொல்லு என்பேன். ஏம்மா, உனக்குக் காது மந்தமா என்று அவள் கேட்பாள். காது டாக்டரிடம்கூடப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. காது நன்றாக இருக்கிறது என்றார். அதையும் நான் நம்பவில்லை.

சீட்டை வேறு மாதக் கட்டுக்குள் செருகி வைத்து, பிறகு மறந்தே போயிருப்பாய். பழைய கட்டுகளைக் கழிக்கச் சொன்னதும் அதையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய், உன் கையாலேயே என்னிடம் கொடுத்திருக்கிறாய். நேரம் போடாமல் எழுதியிருந்தால், நான் ஐந்து மணிக்குக் கிளம்பும் முன்பே சொன்னேன் என்று இப்போதும் நீ சாதிக்கலாம்.

முதல் தேதி உன்னைப் பீங்கான் அறைக்குப் பொறுப்பாளர் ஆக்கப்போகிறார்கள். நீ அந்த நாற்காலியில் உட்காரும்போது எல்லார் முன்னாலும் இந்தச் சீட்டை நீட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு நாள் அந்தக் காட்சியை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். தித்திப்பாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு இன்னும் நல்லது ஒன்று தோன்றியது. நாற்காலியில் அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் தெரியாமல் மூன்று வருடம் தவித்தேன். நீ தெரிந்துகொண்டு பத்து நாளாவது இரு.

இருபத்தெட்டாம் தேதிக்குள் நடந்ததைப் பெரியவருக்கு உன் கையால் எழுது. நான் எதுவும் சொல்ல மாட்டேன், அவர் என்னைக் கூப்பிடட்டும். எழுதவில்லை என்றால் இருபத்தொன்பதாம் தேதி டீ நேரத்தில் இந்தச் சீட்டை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவேன். என் குரல் நன்றாகவே கேட்கும். எனக்கு வேண்டியது என் பழைய மேஜை, ஜன்னலை ஒட்டியது. நாற்காலியை நீயே வைத்துக்கொள், அவர் கொடுத்தால்.

இதைப் படித்ததும் உனக்கு முதலில் எது மனதில் ஓடியிருக்கும் என்று தெரியும். இவள் கையில் என் குட்டிகள் இருக்கின்றனவே என்றுதானே? இரண்டும் சுகமாக இருக்கின்றன. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். நீ கொஞ்சம் பதறட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். பால்பல் எடை கூடியிருக்கிறது. ஞானப்பல்லுக்கு முன்பல் ஒரு பக்கம் நீண்டு வருகிறது. மூன்று வருடமாகப் பார்த்தும் உனக்கு அது கண்ணில் படவில்லை, எனக்கு ஒன்பது நாளில் பட்டது. விலங்கு டாக்டர் அம்மாவிடம் காட்டி அளவாக வெட்டவைத்தேன். இத்தனை நல்ல கவனம் இருக்கிறதே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். மாவு ஊற்றுகிறேன் என்றேன்.

நீ வரும்வரை இரண்டும் என்னிடம் இருக்கும். உன் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் அவற்றுக்கு ஒரு வேளைகூடத் தப்பாது. அவற்றின் மேல் எனக்கு என்ன கோபம்? சீட்டில் ஞானப்பல் கடித்த இடத்தில் நாலு பல் பதிந்திருக்கிறது. இன்னும் ஒரு விரல் அகலம் மென்றிருந்தால் நீ போட்ட 5:40 போயிருக்கும். அங்கே நிறுத்தியதற்காக அன்று அதற்குக் குடைமிளகாய் அரைத் துண்டு கொடுத்தேன். உன் குறிப்பை மீறியது அந்த ஒரு நாள்தான்.

கவலை வந்தால் நீ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாய். அந்தச் சத்தத்தில் எத்தனையோ நாள் நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். பயிற்சிக்குப் போகும் முன் உனக்கு ஒரு பல்லுறை செய்து கொடுத்தேனே, அதை மறக்காமல் போட்டுக்கொண்டு தூங்கு. அளவு சரியாக இருக்கும், அது என் வேலை. உன் பற்கள் நன்றாக இருக்கட்டும்.

பெரியவருக்கு எழுதும்போது நேரம் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் மாவு மில்
மாலை 6:15. கூண்டில் விசில் ஆரம்பித்துவிட்டது.