காகிதத் தொட்டியில் கண்ணாடி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்க, இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். உன் அப்பா போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி. எதிர்வீட்டு மருமகள் நாளைக்கு உன் ஊருக்குத்தான் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை அப்பா உன்னிடம் ஒன்று கேட்பார். அதற்குள் இதைப் படித்துவிடு.

எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் இதோ வருகிறேன் என்றே கடுக்காய் கொடுத்துக்கொண்டிருக்கிறான். உன் அறையைப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லோர் வாயிலும் குப்பைப் பேச்சுதான். வருஷக் கடைசிக்குள் ஊர்க் குப்பையில் பாதி மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்று நகராட்சி இலக்கு வைத்திருக்கிறது. தெருவுக்குத் தெரு தனித்தனித் தொட்டி. காகிதத் தொட்டியில் வேறு ஏதாவது கிடந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அத்தனையையும் குப்பை மேட்டில் கொட்டிவிடுவார்கள். அது இலக்கில் சேராது. ஸ்டிக்கர் கூடிப்போனால் அந்தத் தெருவுக்கு லாரியே வராது. பின் தெருவுக்கு அதுதான் கதி. அங்கிருந்து காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

நம் தெருக் குழுவுக்கு அப்பாதான் தலைவர். தொழிற்சாலையில் தரம் பார்த்துக் கோணல் சாமானையெல்லாம் கழித்துக் கட்டியவருக்குக் கசக்குமா? பால் கவரைக் கழுவாமல் போட்டதற்கு எதிர்வீட்டுக்காரரை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். தெருப் பிள்ளைகள் அவருக்குக் குப்பை மந்திரி என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். கோபப்படுவதுபோல் காட்டிக்கொள்வார். உள்ளுக்குள் பெருமைதான்.

அப்படிப்பட்ட தெருவில் ஸ்டிக்கர் விழ ஆரம்பித்தது. முதலில் காகிதத்தில் ஊசிப்போன சோறு. அப்புறம் பியூஸ் போன பல்பு. போன வாரம் உடைந்த கண்ணாடி டம்ளர். அது குப்பை பிரிக்கும் பெண்ணின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள், விரல் மடங்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதைச் செஞ்சவன் யாரா இருந்தாலும் இந்தத் தெருவுல இருக்க விடமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள்.

பழி விழுந்தது முனை வீட்டுத் தையல்காரப் பெண் மேல். நீ போன பிறகு குடிவந்தவள். ஐந்து வயது மகளோடு தனியாக இருக்கிறாள், கேட்பதற்கு ஆள் இல்லை. அது போதாதா? "துணி வெட்டுறவ வீட்டுல ஏதுங்க இவ்வளவு கண்ணாடி" என்று அழுதாள். யாரும் காதில் வாங்கவில்லை. நேற்றுக் காலை அவள் வாசல் முழுக்க எவரோ குப்பையைக் கொட்டியிருந்தார்கள். மகள் அதைத் தாண்டிப் பள்ளிக்குப் போனது. என்னைப் பார்த்தால் எப்போதும் சிரிக்கும் குழந்தை, நேற்றுச் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவளைக் காலி செய்யச் சொல்வதற்காக அவள் வீட்டுச் சொந்தக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போன லீவில் நீ வாங்கித் தந்த கேமராவை அப்பா திங்கட்கிழமை தொட்டிகளுக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் மாட்டினார். படம் உன் போனுக்குத்தானே வரும்? அதைத்தான் சனிக்கிழமை உன்னிடம் கேட்கப்போகிறார். கூட்டத்தில் டிவியில் போட்டுக் காட்டுவாராம்.

அந்த டம்ளர் நம் வீட்டு டம்ளர். நீல வளையம் போட்டது, நீ பால் குடித்தது. அது உடைந்ததே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் எடுத்து வந்த துண்டைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்து பார்த்தேன், டம்ளரைக் காணவில்லை. அன்றிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மதியம் சாப்பிட்டு எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் எழுந்து போகிறார். கையில் கிடைத்ததை எடுத்துப் போய்க் காகிதத்தில் போடுகிறார். கைகழுவிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். எழுந்தால் எதுவும் நினைவில்லை. நேற்றுப் போட்டது ரேசர் பிளேடுகள். போட்டுவிட்டு நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பவர்போல் கையை ஆட்டினார். அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது? அவர் உள்ளே போனதும் நான் ஓடிப்போய்ப் பொறுக்கி எடுத்தேன். படத்தில் நானும் இருப்பேன்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. நம் வீட்டிலிருந்தும் போயிருக்கலாமே என்று மெதுவாக ஆரம்பித்தேன். "என் வீட்டுலயா?" என்று கத்தியவர், நான் கட்டிவைக்கும் பைகளையெல்லாம் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இப்போது என்மேலும் ஒரு கண். டாக்டரிடம் போகலாம் என்றால் யாருக்கு என்ன நோய் என்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். படத்தை அழித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அழித்தால் அந்தப் பெண் குழந்தையோடு தெருவில் நிற்பாள். அடுத்து யார் கை கிழியுமோ, எனக்குத் தெரியாது. தெருவுக்கு அனுப்பினாலோ, தலை நிமிர்ந்தே நடந்தவர் அத்தனை பேர் நடுவில் டிவியில் தன்னைப் பார்ப்பார். அதை என்னால் தாங்க முடியாது. யாருக்கும் அனுப்பாதே. எடுத்துக்கொண்டு நீ வா. கதவைச் சாத்திக்கொண்டு நீயே அவருக்குக் காட்டு. என் பேச்சை நம்ப மாட்டார், உன்னை நம்புவார். பிறகு நாம் இரண்டு பேரும் போய்க் கூட்டத்தில் சொல்வோம். நீ வராவிட்டாலும் நான் எழுந்து சொல்லத்தான் போகிறேன். அதற்குப் பிறகு அவரோடு தனியாக இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், அதை நினைத்தால்தான் எனக்குக் கை ஓடவில்லை.

லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது என்று சொல்லாதே, கண்ணா. நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நேற்று விளக்கு வைக்கும் நேரம் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "பெரியவன் ஸ்கூல் விட்டு இன்னும் வரலையே" என்றார்.

வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா