பலகையில் ஏழாவது வரி

2025 மார்ச் 25, செவ்வாய்

எம்.பி.யின் உப்பளம் அலுவலகத்தில் காலையிலேயே கூட்டம். எல்லோர் கையிலும் ஒரே செய்தி: நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளம் ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரமாக உயர்வு. பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் வீராயி அக்கா, விதவை உதவித்தொகை பற்றி விசாரிக்க வந்தவர், என் மேசைமுன் நின்று சத்தமாகக் கேட்டார். “எம்பிக்கு ஏத்திட்டாங்களாமே. அவரு இன்னா நடவு நட்டாரா, களை எடுத்தாரா?”

உள்ளறையில் எம்.பி. தணிகாசலம் ஐயா. மதியம்வரை வெளியே வரவேயில்லை.

மார்ச் 26

ஐயா கூப்பிட்டார். “ஹேமா, ஒளிச்சு வச்சாத்தான் பேசுவாங்க. எனக்கு இன்னா இன்னா வருதுன்னு வாசல்ல பலகை மாட்டிடலாம். ஒண்ணு விடாம எழுதும்மா.”

நல்ல யோசனைதான். பட்டியல் போட உட்கார்ந்தேன். சம்பளம். தொகுதிப்படி எண்பத்தேழாயிரம். நாடாளுமன்றம் கூடும் நாளில் தினப்படி இரண்டாயிரத்து ஐந்நூறு. விமானம், ரயில். டெல்லியில் வீடு. தாள், தபால் செலவுக்கு இருபத்தைந்தாயிரம். இதுவரை விரல் ஓடியது.

ஏழாவது: கணினி தெரிந்த உதவியாளருக்கு ஐம்பதாயிரம். பெயர் —

மூடிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 27

டெல்லிப் பதிவில் அந்த உதவியாளர் ஐயாவின் மச்சான் எழிலரசன். கருவடிக்குப்பத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பணம் நேராக அவர் வங்கிக்குப் போகும். அதிலிருந்து எனக்கு மாதம் பதினைந்தாயிரம். ஐந்து வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது நான்.

ஐயா கெட்டவர் இல்லை. மனைவி சொன்னார், கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் ஊர் மனுவெல்லாம் எழுதுகிறவளுக்குத் தன் காரியத்தைக் கேட்க வாய் வரவில்லையே, ஏன்?

“கேட்டா இன்னா, கடிச்சுடுவாரா?” என்கிறார் என் கணவர். முத்தியால்பேட்டையில் பட்டறை நடத்துகிற மனிதருக்கு எல்லாம் சுத்தியல் அடிதான்.

மார்ச் 28

பதிவில் உள்ளபடியே அடித்தேன். உதவியாளர்: திரு. எழிலரசன். புகாரும் இல்லை, பொய்யும் இல்லை. நேர்மையா, குசும்பா? கொஞ்சம் கொஞ்சம் இரண்டும்.

ஐயா முதல் மூன்று வரியை மட்டும் பார்த்தார். “எழுத்து இன்னும் பெருசா இருக்கட்டும்மா.”

ஏப்ரல் 2

பலகை மாட்டியாயிற்று. ஆறடி. தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

ஏப்ரல் 3

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

காவலாளி கண்ணையன் அண்ணன், மில்லில் வேலை பார்த்தவர், கூட்டத்துக்குப் பலகையை உரக்கப் படித்துக்காட்டினார். ஏழாவது வரியில் வீராயி அக்கா நிறுத்தினார். “யாருய்யா அது எழிலரசன்? நான் வர்றப்பல்லாம் இந்தப் பொண்ணுதான குந்திகினு கீது?”

அந்த நேரம் பார்த்து எழிலரசன் வண்டியை விட்டு இறங்கினார். “தோ, அவரேதான்” என்றார் அண்ணன்.

அக்கா யாரிடமோ எழுதி வாங்கிவந்த மனுவை அவர் கையில் திணித்தார். “நல்லதாப் போச்சு சார். நீங்களே அடிச்சுக் குடுங்க.”

அத்தனை பேர் பார்க்கிறார்கள். பாவம், என்ன செய்வார்? என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குனிந்து என்னிடம் மெதுவாக, “தங்கச்சி, இத எங்க அமுக்குனா உயிர் வரும்?” என்றார். உயிர் வந்தது. பத்து நிமிடத்தில் ‘பெறுநர்’ முடியவில்லை.

“நான் கண்ண மூடறதுக்குள்ள முடிச்சுடுவீங்களா சார்?” அக்கா கேட்டார்.

தெருவே சிரித்தது. வாசற்படியில் ஐயா நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். “ஹேமா, வேணும்னுதான எழுதுன?”

“ஒண்ணு விடாம எழுதச் சொன்னீங்க ஐயா.”

எழிலரசன் முந்திக்கொண்டார். “மாமா, எம் பேர எடுத்துடுங்க. நாளைக்கே கடைக்கு மனுவத் தூக்கிக்கினு வருவாங்க.”

அப்போது ஒரு குரல், “என் பேரப் போடுங்க ஐயா” என்றது. என்னுடையதுதான்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அஞ்சு வருஷமா ஏம்மா கேக்கல?”

அஞ்சு வருஷமா நீங்க ஏன் தரல? — இதை மட்டும் கேட்கவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 7

உதவியாளர் பெயரை மாற்றும் படிவத்தில் ஐயா கையெழுத்து. என் பெயரை நானே அடித்தேன். இரண்டு முறை தப்பாக.

மே 30

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: ஐம்பதாயிரம் வரவு. பட்டறையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம் இவர். என்னைக் கேட்காமல்.

ஜூன் 4

பலகையில் ஏழாவது வரியை மாற்றிவிட்டார்கள். கண்ணையன் அண்ணன் புதிதாக ஒருமுறை படித்துக்காட்டினார். வீராயி அக்கா கேட்டுவிட்டு, நேராக என் மேசைக்கு வந்தார்.

“அம்பதாயிரமா உனக்கு?”

“ஆமாங்க்கா. முன்ன பதினைஞ்சாயிரம்தான்.”

“அப்ப எம் மனு ரெண்டு மாசமா ஏம்மா நவுரல?”

“துறையில நிலுவையில இருக்குதுக்கா.”

“அது பதினைஞ்சாயிரத்துக்குச் சொல்ற பதிலு.”

உள்ளறையிலிருந்து ஐயா சிரிக்கிற சத்தம். இந்த மாதிரி அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வண்டியை எடுத்தேன். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “மெதுவாப் போ. வேல ஆகறவரைக்கும் நான் உயிரோட இருக்கணும்” என்றார்.