பூர நட்சத்திரத்துச் சரஸ்வதி

செவ்வாய்க்கிழமை, கிருத்திகை.

இன்று காலை முருகன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை. பூசாரி கேட்டதும் என் வீட்டுக்காரர், “சரஸ்வதி, பூரம்” என்றார். என் நட்சத்திரம் அஸ்தம். இருபத்திரண்டு வருடமாகச் சரியாகத்தான் சொல்லி வந்தார்.

தட்டை வாங்கும்போது, “எனக்கு அஸ்தமுங்க” என்றேன்.

“போன கிருத்திகைக்கும் பூரம்னுதானுங்க சொன்னாரு” என்றார் பூசாரி. அன்றைக்கு நான் ஊத்துக்குளியில் அம்மா வீட்டில் இருந்தேன்.

“வாய் தவறிடுச்சு, கண்ணு” என்றார் இவர்.

இரண்டு முறையுமா? அவருடைய பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்ணும் ஒரு சரஸ்வதி. “உன்ர பேருதான் அவளுக்கும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் அவரே. நானும் சிரித்தேன்.

மத்தியானம் நூலகப் புத்தகத்தை எடுத்தேன். கிரேக்கக் கதைகளில் கிரெயூசா என்று இரண்டு அரசகுமாரிகள். ஒருத்தி அடுத்தவள் புருஷனைக் கட்டப்போய், விஷம் தோய்த்த உடையில் எரிந்துபோகிறாள். இன்னொருத்தியின் புருஷன் பற்றி எரியும் ஊரிலிருந்து அப்பாவைச் சுமந்துகொண்டு, மகனைக் கைப்பிடித்து ஓடுகிறான். பின்னால் வரும் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை; அவள் தொலைந்துபோகிறாள். நேற்றுவரை முதலாமவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று இரண்டாமவளைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

பிரசாதப் பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை. சாமி பூ, எறியவும் கூடாது. அவர் வண்டிச் சாவியின் மேல் வைத்திருக்கிறேன். யாருக்காக வேண்டிக்கொண்டாரோ, அவளிடமே கொடுக்கட்டும்.