வால்வின் அம்புக்குறி

மார்ச் 4
பழைய கார்களைப் புதுப்பிக்கும் இந்தப் பட்டறையில் எனக்கு ஐந்தாவது வாரம். நீலக் காரின் எஞ்சினில் இன்றும் பின்பக்கம் எண்ணெய் சொட்டியது. போன வாரம்தான் மூத்த மெக்கானிக் கண்ணாடியண்ணன் அங்கே எண்ணெய் கசியாமல் இருக்கப் புது சீல் போட்டார். “கண்ணாடிய மாத்துய்யா, இல்ல ஆளையே மாத்திடுவேன்” என்றார் போர்மேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும். ஏன் சிரித்தேன்?

மார்ச் 5
கண்ணாடியண்ணனை உதிரி பாகங்கள் கழுவ அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடம் எஞ்சின் பிரித்த கை, டீசல் தொட்டிக்குள்.

மார்ச் 6
எல்லாரும் சாப்பிடப் போனதும் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வைத்தேன். உள்ளே சேரும் புகையை ஒரு சின்ன வால்வு வழியாக எஞ்சினே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். உறிஞ்சினால் தாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை. படபடத்துப் பறந்தது. வெளியேற வழியில்லாத புகைதான் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளுகிறது.

அந்த வால்வைக் கழுவி மாட்டியது நான்.

கழற்றித் துடைத்தேன். கரிக்கு அடியில், புகை போக வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி. தலைகீழாக மாட்டியிருக்கிறேன். அன்றைக்கே எந்தப் பக்கம்னு கேட்டிருக்கலாம். படிச்ச பொண்ணு இதக்கூடக் கேக்குமான்னு — வாயே வரல.

மார்ச் 7
நேற்றே திருப்பி மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொட்டு நின்றது. “ரெண்டு போல்ட்ட நான் முறுக்கினேன், நின்னுச்சு பாத்தியா? அந்தாளுக்கு முறுக்கக்கூடத் தெரியல” என்கிறார் போர்மேன்.

மார்ச் 8
“ஏன்டி சோத்தப் பெசஞ்சுகிட்டே இருக்க?” என்றாள் அம்மா. தெரு முழுக்க ‘எங்க வீட்டு இன்ஜினியர்’ என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும். “நாலு வருஷம் காலேஜ்ல அம்புக்குறி பாக்கச் சொல்லித் தரலியாம்மா?” என்றார் போர்மேன். சிரிப்பு. கண்ணாடியண்ணன் சிரிக்கவில்லை.

“நீ மாட்டுறப்ப மூணடி தள்ளித்தானேம்மா நின்னேன்” என்றார்.



மார்ச் 17
தொட்டி இப்போது எனக்கு. அவர் எஞ்சினுக்குத் திரும்பிவிட்டார். என்னிடம் பேசுவதில்லை.

மார்ச் 24
ஒரு பச்சைக் கார் வந்திருக்கிறது. அதன் வால்வைக் கழுவி எடுத்துப் போனேன். அம்புக்குறி பளிச்சென்று இருந்தது. இருந்தும் கேட்டேன்: “அண்ணே, இது எந்தப் பக்கம்?”

காதோரம் குலுக்கிப் பார்த்தார். கடகடத்தது; உள்ளே அடைப்பில்லை. “கார்புரேட்டர் பக்கம். நீயே மாட்டு.”

மாட்டினேன். தாள் கேட்டார். இந்த நோட்டில் ஒன்று கிழித்துக் கொடுத்தேன். ஒட்டிக்கொண்டது. அதன் பிறகும் டார்ச் அடித்து, குனிந்து, அம்புக்குறியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆயில் மூடியைத் திருகினார்.