ஈரல் சுருங்கும் காலம்

12.10.2025, ஞாயிறு

காலையில் தேவாரம் பாடும்போது நடுவில் மச்சாளின் முகம் வந்தது. முதலிலிருந்து பாடினேன். மறுபடியும் வந்தது. விட்டுவிட்டேன்.

புதன்கிழமை தொடங்க வேண்டும். டொக்டர் தந்த தாளின்படி சோறு, பாண், புட்டு, சீனி, பழம் ஒன்றும் ஆகாது. கொழுப்பெடுத்த பால், மரக்கறி அவித்த தண்ணீர், தகர ரின்னில் வரும் புரத மா, இவ்வளவுதான். என் ஈரல் கொழுத்து இரைப்பைக்கு மேலே படுத்துக்கிடக்கிறதாம். அது சுருங்கினால்தான் விலக்கிப் பிடித்துக்கொண்டு இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கலாமாம். 29ஆம் திகதி ஸ்கான். சரியென்றால் நவம்பர் 3 சத்திரசிகிச்சை.

இவருக்கும் மகள் நிவேதனாவுக்கும் மட்டும்தான் தெரியும். மச்சாளுக்கு, இவருடைய அக்காவுக்கு, தெரியக்கூடாது. இளைத்த பிறகு பார்க்கட்டும்.

15.10.2025, புதன்

ஏன் செய்கிறேன் என்று எழுதி வைக்கிறேன், பசிக்கும்போது எடுத்து வாசிக்க.

ஆவணியில் மச்சாளின் மூத்தவள் ஜெசிதாவின் கலியாணம். தாய்மாமனின் மனைவி நான். ஆலத்தித் தட்டைக் கையில் வாங்கிவிட்டேன். மணவறைக்கு முன்னால் அத்தனை சனம். நாகேஸ்வரி மச்சாள் வந்து தட்டைப் பிடுங்கினாள்.

"அருந்ததி, நீ நிண்டா வீடியோவிலை பொம்பிளையும் தெரியாது, மாப்பிளையும் தெரியாது. அங்காலை போய் இரு. பாத்து, இரும்புக் கதிரையிலை இரு."

சனம் சிரித்தது. இவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்லு!

தையில் இளையவள் ஆரணிக்குக் கலியாணம். அந்தத் தட்டை நான் பிடிப்பேன். நடுவில் நின்று பிடிப்பேன்.

17.10.2025

தலையிடி. வாய் கசக்கிறது. இவர் முன்னால் இருந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டு "மணக்குதோ?" என்கிறார். கேட்கிற கேள்வியைப் பார்.

20.10.2025, தீபாவளி

மச்சாள் கரவெட்டியிலிருந்து ஓட்டோவில் வந்தாள். ஒரு டப்பா பயத்தம்பணியாரம்.

"ஒண்டைத் தின்னு. ஒண்டிலை என்ன கூடப்போகுது உனக்கு?"

அந்த 'உனக்கு'! வாங்கி வைத்தேன். அவள் போனதும் காகத்துக்குப் போட்டேன். காகம் ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடவில்லை. எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

22.10.2025, கந்தசஷ்டி ஆரம்பம்

இனி ஒருவருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை. அருந்ததி ஏன் சாப்பிடவில்லை என்றால், விரதம்.

ரின்னை மூடி வைத்துவிட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு லேபலை வாசித்தால், முட்டை கலந்திருக்கக்கூடும் என்று அடியில் ஒரு வரி. விரதத்தில் எப்படித் தொடுவது? சூப்பில் வெங்காயம். அதுவும் வேண்டாம். பாலும் பழமும் போதும்; தாளில் ஆகாதென்றிருக்கிற பழம் வேறு, விரதப் பழம் வேறு. இதைவிடக் கடுமையாக யார் இருக்கப்போகிறார்கள்? ஈரல் ஆறு நாளில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிடும்.

27.10.2025, சூரன் போர்

சூரனுக்கு ஒவ்வொரு தலையாக மாற்றினார்கள். ஆனைத்தலை, சிங்கத்தலை. எனக்கு எல்லாத் தலையும் ஒரே முகம்தான். வேல் பட்டபோது "அரோகரா" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

29.10.2025

சுருங்கவில்லை.

"என்னம்மா சாப்பிட்டனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டுமில்லை டொக்டர். விரதம். பாலும் பழமும்."

"எத்தினை பழம்?"

எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறதே, பெருமையாகச் சொன்னேன். பின்னேரப் பூசை முடிய ஆறு கதலி, சீனி போட்ட பால் இரண்டு கப். பகலில் தாகத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர்.

அவர் பேனையை மேசையில் வைத்தார். "அம்மா, சீனியையெல்லே ஈரலுக்குப் படைச்சிருக்கிறியள்."

நவம்பர் 3 இல்லை. திரும்பவும் முதலிலிருந்து. டிசம்பரில் ஸ்கான்.

முருகா, உனக்குத்தானே இருந்தனான்? — உனக்கோ? உனக்கு மட்டுமோ?

30.10.2025

இவர் அக்காவிடம் போனில் உளறிவிட்டார். ஒப்பரேஷன் தள்ளிப்போன கதை முழுக்க. ஏன் தள்ளிப்போனது என்பதை மட்டும் சொல்லவில்லையாம். பெரிய உபகாரம்.

மச்சாள் உடனே எனக்கு எடுத்தாள். "வயித்தை வெட்டினாத்தான் வாயைக் கட்டலாமோ?"

போனை வைத்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கினேன். கத்தி பலகையில் இறங்கிவிட்டது.

9.11.2025

ரின்னைத் திறந்துவிட்டேன். கோபத்தில் பசி தெரிவதில்லை. ஒவ்வொரு கிளாசையும் அவள் பெயரைச் சொல்லிக் குடிக்கிறேன். முருகன் பெயரைச் சொல்லிக் குடித்தால் இவ்வளவு சுலபமாக இறங்காது. எழுதவே வெட்கம். ஆனால் உண்மை.

3.12.2025

சுருங்கிவிட்டது! 12ஆம் திகதி சத்திரசிகிச்சை.

6.12.2025, சனி

இதை எழுதாமல் படுக்க முடியாது.

மச்சாள் வந்தாள். தனியாக. குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முழங்கால் வைத்தியர், இளைத்தால்தான் காலில் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டாராம். என்னுடைய டொக்டரிடமே போயிருக்கிறாள். மாசியில் அவளுக்கும் அதே வெட்டு.

"உவன் தம்பிக்குச் சொல்லிப்போடாதை. ஈரல் சுருங்கோணுமாம். தாள் ஒண்டு தந்தவை, உதையெல்லாம் ஆர் வாசிக்கிறது? நீ சஷ்டிக்கு இருந்தனியே, பாலும் பழமும். உப்பிடித்தானே?"

அடுப்பிலிருந்த சூப்பை மூடி வைத்தேன்.

"ஓம் மச்சாள். கதலி நல்லது."

நான் பொய் சொல்லவில்லை. சஷ்டிக்கு அப்படித்தான் இருந்தேன்.

7.12.2025

நல்ல நித்திரை.

8.12.2025

தேவாரம் பாடும்போது மச்சாளின் முகம் வரவில்லை. கதலிச் சீப்பு வந்தது.

9.12.2025

காலையில் ஆரணி போன் எடுத்தாள். "மாமி, அம்மா நீங்கள் சொன்னபடி பாலும் பழமுமா வடிவா இருக்கிறா. வேறை ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை. ஒருத்தற்றை சொல்லும் கேக்காத மனிசி, உங்கடை சொல்லைக் கேக்கிறா."

பிள்ளை நன்றி சொல்கிறது. எனக்கு!

மிச்ச ரின்னைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கரவெட்டிக் குசினியில் கதலிக் குலை தொங்கியது. பாதி இல்லை.

"மச்சாள், பழம் ஆகாது. எனக்குப் பழத்தாலைதான் தள்ளிப்போனது. தெரிஞ்சுதான் சொன்னனான்."

குலையை ஒருதரம், என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு:

"எடி சண்டாளி. மூண்டு சீப்பு விழுங்கிப்போட்டனே!"

ரின்னை மேசையில் வைத்தேன்.

"வீடியோவுக்கோ?" என்றாள்.

"ஓம். வீடியோவுக்கும் கதிரைக்கும்."

குலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அண்டைக்கு எனக்கும் சட்டைக் கொக்கி கொழுவேல்லை. ஊசி குத்தி நிண்டனான். சனம் உன்னைப் பாத்தா என்னைப் பாக்காது எண்டு…" முடிக்கவில்லை.

மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாவைக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள். "உதைக் குடிச்சு மனிசர் உயிரோடை இருக்கிறதோ?" முகம் போன போக்கு! அதைப் பார்க்கவே கரவெட்டிக்குத் தினமும் போகலாம்.

11.12.2025

ஆஸ்பத்திரிக் கட்டில். நாளை காலையில் உள்ளே கொண்டுபோவார்கள். ஈரல் சுருங்கிவிட்டது. மனத்துக்கு ஸ்கான் இல்லை, நல்லகாலம்.

28.01.2026, ஆரணியின் கலியாணம்

வெட்டி ஆறு கிழமைக்கு மேலாகியும் இன்னும் மெலிந்தவள் என்று சொல்ல முடியாது. சட்டை இரண்டு தரம் பிடித்தாயிற்று, அவ்வளவுதான். போய் ஒரு மூலையில் நின்றேன். ஆலத்தி நேரம் மச்சாளே தட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். போகவில்லை, பக்கத்திலேயே நின்றாள். இவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நின்றார்.

வீடியோ எடுக்கிற டினேஸ் சொன்னான்: "அன்ரிமார், ஒராள் கொஞ்சம் விலகுங்கோ. பொம்பிளையை மறைக்குது."

மச்சாள் திரும்பினாள். "நீ தள்ளிப் போய் நிண்டு எடு. மண்டபம் பெரிசுதானே."

விலகவில்லை. ஆலத்தியை மூன்று தரம் சுற்றினேன்.

மச்சாளுக்கு அடுத்த கிழமை ஸ்கான். சொந்த மகளின் கலியாணச் சாப்பாட்டில் அவள் ஒரு பருக்கை தொடக்கூடாது. எல்லோரும் வடையும் பாயாசமுமாக இருந்தபோது, பிளாஸ்கிலிருந்து சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். நான் அவித்ததுதான்.

"உப்பில்லையடி" என்றாள்.

"ஓம் மச்சாள்" என்றேன்.

டொக்டரின் தாளில் உப்புப் போடலாம் என்றுதான் இருக்கிறது.